ஜெபத்துக்கு அனுமதி வேண்டாம், ஷெட்டுக்கு வேண்டும்

கேள்வி: வணக்கம் ஐயா. பாலக்கோடு தாலுகாவில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபம் நடக்கிறது. முதலில் நாலு பேர் வந்தார்கள், இப்போது முப்பது பேர் வரை வருகிறார்கள். உட்கார இடம் போதாமல் போன வருடம் வீட்டை ஒட்டி 12-க்கு 24 அடியில் ஷீட் போட்டு ஒரு ஷெட் இறக்கினோம். மாதம் ஒரு தடவை ஓசூரிலிருந்து பாஸ்டர் வருவார். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் பெட்டி ஸ்பீக்கர் வைத்தோம். தெருவில் சிலர் மனு கொடுத்துவிட்டார்கள். வி.ஏ.ஓ. வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி, 'இனிமேல் ஜெபம் நடத்த மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மதச்சார்பற்ற நாட்டில் அரசு மதத்தில் தலையிடாது என்றுதானே படித்தோம்? என் வீட்டில் நான் ஜெபிக்க யார் அனுமதி வேண்டும்? தெருமுனையில் ஓடைப் புறம்போக்கில் கோயில் கட்டியிருக்கிறார்கள், அதை யாரும் கேட்கவில்லை. இன்னொன்று: நான் ஞானஸ்நானம் எடுத்தவள், கணவரும் மகளும் எடுக்கவில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். 'ஜெபத்தை நிறுத்தாவிட்டால் பெண்ணின் எஸ்.சி. சர்டிபிகேட்டை கேன்சல் செய்ய வைப்போம்' என்கிறார்கள். அப்படிச் செய்ய முடியுமா?

பதில்: சகோதரி, கையெழுத்துப் போடாமல் வந்தீர்களே, அது நல்ல காரியம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

'இனிமேல் ஜெபம் நடத்த மாட்டேன்' என்று எழுதி வாங்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு கூட்டத்தைத் தடுக்க வேண்டும் என்று அரசு நினைத்தால் அதற்கு முக்கியமாக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு, அதாவது பழைய 144. நிர்வாக நடுவர் காரணங்களைச் சொல்லி எழுத்தில் உத்தரவு போட வேண்டும், அதன் ஆயுள் சாதாரணமாக இரண்டு மாதம். மற்றது 126-ஆம் பிரிவு, பழைய 107. அமைதி கெடும் என்று போலீஸ் அறிக்கை கொடுத்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, விளக்கம் கேட்டு, தேவைப்பட்டால் ஒரு வருடம் வரைக்கும் பிணைப் பத்திரம் வாங்கலாம். இரண்டிலும் காகிதம் உங்கள் கைக்கு வரும், பதில் சொல்ல வாய்ப்பும் கிடைக்கும். ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது உத்தரவு ஆகாது. ஆனால் நாளைக்கு ஆட்சியர் அலுவலகத்திலோ கோர்ட்டிலோ 'இந்த அம்மாவே தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்' என்று முதல் பக்கமாக வைப்பது அந்தத் தாளைத்தான்.

விசாரணைக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று இருந்துவிடவும் கூடாது. மனு வந்தால் விசாரிப்பது அவர்கள் வேலை. 'சி.எஸ்.ஆர். எண் (ஸ்டேஷனில் மனுவைப் பதிந்த எண்) என்ன, மனு நகல் வேண்டும்' என்று கேளுங்கள். நீங்கள் பெண் என்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். புலன் விசாரணையில் சாட்சியாகக் கூப்பிட்டாலும் ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 179-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கே பதிவாகாத மனு விசாரணைக்கு அதைவிடக் கூடுதலான கட்டாயம் எங்கிருந்து வரும்? இதைப் பணிவாகச் சொல்லி, எழுத்தில் பதில் கொடுத்துவிடுங்கள். பத்து வரி போதும். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

'மனுவில் குறிப்பிட்டுள்ள இடம் நானும் என் குடும்பத்தாரும் குடியிருக்கும் வீடு. ஞாயிறு காலை 10 மணி முதல் 12 மணி வரை உறவினர்களும் தெரிந்தவர்களும் கூடி ஜெபம் செய்கிறோம். யாரையும் வற்புறுத்தி அழைப்பதில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் ஒலிபெருக்கி வைத்தோம், இனி உரிய அனுமதியின்றி வைக்க மாட்டோம். வீட்டை ஒட்டிய ஷெட் குறித்துச் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்வேன். மனுவின் நகல் எனக்குத் தரப்படவில்லை, தந்தால் விரிவாகப் பதில் அளிப்பேன். ஜெபத்தை நிறுத்தும்படி எழுத்துபூர்வமான உத்தரவு ஏதும் இருப்பின் அதன் நகலையும் வேண்டுகிறேன்.'

இதை நேரில் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு ஸ்டேஷன் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே இன்ஸ்பெக்டருக்கும் டி.எஸ்.பி.க்கும் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ஸ்பீக்கர் வைத்ததை மறைக்க வேண்டாம். யாராவது அதை வீடியோ எடுத்திருப்பார்கள். ஒரு சின்ன விஷயத்தில் பொய் பிடிபட்டால் மற்ற உண்மையும் எடுபடாமல் போகும்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. அரசும் மதமும் இரண்டு பக்கம், நடுவில் சுவர் என்பது அமெரிக்கப் பேச்சு. 1791-இல் சேர்ந்த அவர்களுடைய சாசனத்தின் முதல் திருத்தத்தை விளக்கி, 1802 ஜனவரி 1 அன்று அமெரிக்க அதிபர் ஜெபர்சன் டான்பரி ஊர் பாப்திஸ்து சபையாருக்கு எழுதிய பதிலில்தான் அந்தச் 'சுவர்' வருகிறது. அதுவும், பெரும்பான்மைச் சபைக்கு நடுவில் சிறுபான்மையாக இருந்தவர்கள் கவலைப்பட்டு எழுதிய கடிதத்துக்கு வந்த பதில்தான் என்பது உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். நம் அரசியல் சாசனத்தில் அப்படிச் சுவர் கிடையாது. இங்கே இருப்பது ஏரி மதகு மாதிரி ஓர் ஏற்பாடு. 25-ஆம் பிரிவு எல்லாருக்கும் மனசாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தை வெளிப்படையாகச் சொல்லவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமையையும் தருகிறது. ஆனால் அந்த வாக்கியமே 'பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு' என்றுதான் ஆரம்பிக்கிறது. மதத்தோடு ஒட்டிய பணம், சொத்து போன்ற உலகியல் காரியங்களை அரசு சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம் என்று அதன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. 1959-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் அறநிலையத் துறை கோயில்களுக்குச் செயல் அலுவலர் போடுவதும் கணக்குத் தணிக்கை செய்வதும் இந்த வழியில்தான். 'மதச்சார்பற்ற' என்ற சொல்லே 1976-இல் 42-ஆவது திருத்தத்தில்தான் முகவுரைக்குள் வந்தது.

ஆக, நீங்கள் யாரைக் கும்பிடுகிறீர்கள் என்று அரசு கேட்க முடியாது. எந்தக் கட்டடத்தில், எத்தனை பேர், என்ன சத்தத்தில் என்று கேட்கலாம். உங்கள் விஷயத்தில் பலவீனமான இடம் ஜெபம் அல்ல, அந்த ஷெட்தான்.

தமிழ்நாடு ஊராட்சிகள் கட்டட விதிகள் 1997-இல் 4(3) என்று ஒரு விதி. பொது வழிபாட்டுக்கோ மதக் காரியத்துக்கோ உரிய கட்டடம் கட்ட ஓர் இடத்தைப் பயன்படுத்த, மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும், பொது அமைதி கெடும் என்று அவர் கருதினால் மறுக்கலாம் என்பது அதன் சாரம். 2019-இல் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்த பிறகும் வழிபாட்டுக் கட்டடம் என்றால் ஆட்சியரின் தடையின்மைச் சான்று கேட்பது மாறவில்லை. இது சர்ச்சுக்கு மட்டும் போட்ட விதி அல்ல. கோயிலானாலும் பள்ளிவாசலானாலும் இதே விதிதான்.

வீட்டு ஜெபம் எந்த இடத்தில் ஜெபக்கூடம் ஆகிறது? சட்டத்தில் எண்ணிக்கை எழுதவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்குகளைப் பார்த்தால் போக்கு புரியும்: வீட்டார் கூடி அமைதியாக ஜெபிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆனால் வீட்டையே ஊரார் வந்துபோகும் ஜெபக்கூடமாக மாற்றினால் அனுமதி வேண்டும், 'மைக் வைக்கவில்லை' என்பது மட்டும் பதில் ஆகாது. களத்துக்கு வரும் அலுவலர் பார்ப்பது கண்ணில் படும் அடையாளங்களை. சபையின் பெயர்ப்பலகை, கூரைமேல் சிலுவை, தெருவிலிருந்து தனி வாசல், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், பிரசங்க மேடை, காணிக்கைப் பெட்டி, சுவரில் ஆராதனை நேரம். வி.ஏ.ஓ. எடுத்த போட்டோவில் இவற்றில் எத்தனை விழுந்திருக்கும் என்று நீங்களே ஒருமுறை ஷெட் வாசலில் நின்று பாருங்கள். வாரம் தவறாமல் முப்பது பேர், அதற்கென்றே இறக்கிய 288 சதுர அடி ஷெட் என்று இருக்கும்போது 'குடும்ப ஜெபம்' என்ற வாதம் கோர்ட்டில் நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்குக் குறுக்குவழி சொல்ல ஆள் இருப்பார்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் வீடு என்று போட்டு ஆன்லைனில் உடனே அனுமதி எடுத்துவிடலாம் என்பார்கள். அது 2,500 சதுர அடி வரை மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் உள்ள குடியிருப்புக்கு மட்டும். வீடு என்று சுயசான்று கொடுத்துவிட்டு ஆராதனை நடத்தினால், பொய்ச் சான்று கொடுத்ததாக இன்னொரு குற்றச்சாட்டு கூடுதலாகச் சேரும்.

அனுமதிக்கு முன்னால் நிலத்தைப் பாருங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, இடம் நத்தமா, கிரயம் வாங்கியதா, அரசு ஒப்படையா என்று உறுதிப்படுத்துங்கள். ஆதிதிராவிடர் நலத் துறை கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டா என்றால் அது குடியிருக்க மட்டும் கொடுத்தது. நிபந்தனை பட்டாவின் பின்பக்கத்திலோ ஒப்படை ஆணையிலோ அச்சாகி இருக்கும். அந்த மனையில் ஜெபக்கூடம் என்று நீங்களே விண்ணப்பித்தால், நிபந்தனை மீறல் என்று மனையே ரத்தாகும் ஆபத்து உண்டு. அப்படி இருந்தால் ஷெட்டை வீட்டுத் தேவைக்கு வைத்துக்கொண்டு, கூடத்துக்குச் சபையில் வேறு ஒருவருடைய கிரய நிலத்தைப் பாருங்கள்.

நிலம் சரியாக இருந்தால், உங்கள் பெயரில் விண்ணப்பிப்பதைவிட ஒரு சங்கத்தின் பெயரில் விண்ணப்பிப்பது நல்லது. 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். சொத்து யாருக்கு, காணிக்கைக் கணக்கு யார் கையில் என்ற சண்டை பின்னால் வராமலிருக்கவும் இது உதவும். இப்படிப்பட்ட ஜெபக்கூடங்கள் பலவற்றில் எதிர்ப்பைவிடப் பெரிய தலைவலி உள்ளேயே வருகிற இந்தச் சண்டைதான். வெளிநாட்டிலிருந்து யாராவது பணம் அனுப்புகிறேன் என்றால், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் சபைக்கென்று ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

விண்ணப்பத்தை தர்மபுரி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் எண் போட்ட ரசீது கையோடு கிடைக்கும். கூடவே பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்பட வரைபடம், பதிவுபெற்ற பொறியாளர் போட்ட கட்டட வரைபடம், சங்கப் பதிவுச் சான்று, நாலு பக்கமும் எடுத்த புகைப்படங்கள் வையுங்கள். ஒரு தனித் தாளில் கேள்வி வரக்கூடிய விவரங்களை நீங்களே எழுதிவிடுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, அதிகபட்சம் எத்தனை பேர், வண்டிகள் எங்கே நிற்கும், கழிப்பறை எங்கே, பக்கத்தில் எந்தக் கோயில் எவ்வளவு தூரம், ஒலிபெருக்கி இல்லை. அக்கம்பக்கத்து வீட்டார் நாலைந்து பேர் 'எங்களுக்கு ஆட்சேபனை இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதிலும் சபைக்கு வராதவர்கள் கொடுத்தால், மற்ற எல்லாக் காகிதத்தையும்விட அதற்கு எடை அதிகம்.

கோப்பு அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து கீழே இறங்கும். ஒரு கிளை ஆர்.டி.ஓ., தாசில்தார், ஆர்.ஐ., வி.ஏ.ஓ. என்று போகும். மற்றது எஸ்.பி., டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர் என்று போகும். ஊராட்சி ஒன்றியத்திலிருந்தும் அறிக்கை கேட்பார்கள். வழக்கமாகத் தடுமாறுவது போலீஸ் கிளையில்தான். 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளது' என்று ஒரே வரி அறிக்கை வரும், அதை அப்படியே எடுத்துப்போட்டு மறுப்பாணை வரும். அந்த ஒரு வரியை உடைப்பதற்குத்தான் மேலே சொன்ன ஸ்டேஷன் பதில், ஆட்சேபனையின்மைக் கடிதங்கள், ஐந்து வருடத்தில் ஒரு வழக்குகூட இல்லை என்ற உண்மை எல்லாம். எந்தத் தேதியில் என்ன சம்பவம் என்று இல்லாமல், உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் மறுத்திருந்தால், சாசனத்தின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம் போய் அந்த ஆணையை ரத்து செய்து மறுபரிசீலனை கேட்கலாம். நம் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் சென்னை அமர்வுதான், மதுரை இல்லை.

பதிலே வராமல் கிடந்தால் இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். கோப்பு எண், எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் போனது, வந்த அறிக்கைகளின் நகல், இவ்வளவுதான் கேட்க வேண்டும். 'ஏன் தாமதம்' என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்தாலேயே, வருமான வரம்பு பார்க்காமல், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தர்மபுரி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள்.

அனுமதி வரும்வரை என்ன செய்வது? ஷெட்டில் கூட வேண்டாம். பலகை, மேடை இருந்தால் எடுத்துவிடுங்கள். முப்பது பேரும் ஒரே வீட்டில் கூடுவதற்குப் பதிலாக மூன்று வீட்டில் எட்டு பத்துப் பேராக உட்காருங்கள். பாஸ்டருக்கு அலைச்சல்தான், ஆனால் எட்டுப் பேர் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஜெபிப்பதை ஜெபக்கூடம் என்று எந்த அலுவலரும் எழுத முடியாது.

ஸ்பீக்கர் விஷயம் கறாரானது. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடவே கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தனியார் இடத்து ஒலி அந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் எல்லைக்கு வெளியே போகக் கூடாது. அதாவது பகலில் உங்கள் வேலியருகே 60. இரண்டு பேர் எதிரெதிரே நின்று சாதாரணமாகப் பேசும் சத்தமே கிட்டத்தட்ட அவ்வளவு. தகரக் கூரைக்குக் கீழே கீபோர்டும் டிரம்மும் வைத்தால் மைக் இல்லாமலே அதைத் தாண்டும். 'எங்கள் வழிபாட்டு உரிமை' என்று வாதாடவும் வழியில்லை. சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு கோயில் குழாய் ஸ்பீக்கருக்கும் பள்ளிவாசலுக்கும் அதே அளவுக்குப் பொருந்தும்.

ஓடைப் புறம்போக்குக் கோயில். உங்கள் ஆதங்கம் நியாயம்தான். பொது இடங்களில் அனுமதியின்றிப் புதிதாக வழிபாட்டுக் கட்டடம் எழும்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் உங்கள் வழக்குக்கு அது உதவாது. ஒருவர் விதி மீறி இருப்பதைக் காட்டி எனக்கும் அதே சலுகை வேண்டும் என்று சாசனத்தின் 14-ஆம் பிரிவின் (சமத்துவ உரிமை) கீழ் கேட்க முடியாது, தவறில் சமத்துவம் கிடையாது என்று கோர்ட் பலமுறை சொல்லியாகிவிட்டது. அந்தக் கோயில்மேல் நீங்கள் மனுப் போடாதீர்கள் என்பது என் யோசனை. போட்டால் இது கட்டட அனுமதிப் பிரச்சினையாக இருந்தது போய் இரண்டு மதத்தாரின் சண்டையாகிவிடும். இன்ஸ்பெக்டர் எழுதக் காத்திருக்கும் அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

யாராவது ஜெப நேரத்தில் வந்து கூச்சல் போட்டால் பதிலுக்குப் போகாதீர்கள். உள்ளிருந்து போனில் பதிவு செய்துகொண்டு 112-க்கு அழையுங்கள். வீடியோவை வாட்ஸ்அப் குழுக்களில் விடாதீர்கள். சட்டப்படி நடக்கும் வழிபாட்டுக் கூட்டத்தை வேண்டுமென்றே குலைப்பது பி.என்.எஸ். எனப்படும் புதிய தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அதில் 'சட்டப்படி நடக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஷெட்டை முதலில் சரிசெய்யச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்டேஷனில் புகார் எடுக்காவிட்டால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், பி.என்.எஸ்.எஸ். 173(4) அதற்கு வழி வைத்திருக்கிறது.

மதமாற்றம் என்ற சொல்லும் மனுவில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. இன்று இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை. கர்நாடகத்தில் 2022-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஓசூர் பாஸ்டர் அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கமும் ஊழியம் செய்பவராக இருந்தால் அங்குள்ள இன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பரப்புவது உரிமை, ஆனால் இன்னொருவரை மாற்றுவது உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் கோடு போட்டிருக்கிறது. அதனால் ஜெபத்துக்கு வருபவர்களுக்குப் பணமோ அரிசியோ கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பெற்றோர் சம்மதமில்லாமல் அடுத்த வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். பிரசங்கத்தில் பிறர் தெய்வங்களை இழித்துப் பேசினால் அது பி.என்.எஸ். 299 (மத உணர்வைப் புண்படுத்துவது), 196 (மதங்களுக்கிடையே பகை வளர்ப்பது) வரை போகும், பேசியவரோடு இடம் கொடுத்தவரையும் விசாரிப்பார்கள்.

கடைசியாக மகளின் சான்றிதழ். இதில் உங்களுக்குப் பிடிக்காத பதிலும் கொஞ்சம் இருக்கிறது.

1950-ஆம் வருடப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, பொதுவாக இந்து மதத்தைச் சேர்ந்தவர்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இல்லை. சாதிக் கொடுமை மதம் மாறினால் போய்விடுகிறதா என்ற கேள்வி பல வருடமாக உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது, 2022-இல் மத்திய அரசு ஒரு விசாரணை ஆணையமும் போட்டது. அந்த ஆணை அநியாயம் என்பது என் கருத்து. ஆனாலும் அது மாறும்வரை அதன்படிதான் நடக்க வேண்டும்.

உங்கள் ஞானஸ்நானம் உங்களுடையது. அதனால் மகளின் சான்றிதழ் போகாது. அப்பா மதம் மாறவில்லை, அவளும் மாறவில்லை என்றால் அவள் ஆதிதிராவிடர்தான். அம்மாவோடு ஜெபத்தில் உட்காருவது மதமாற்றம் ஆகாது. தெருக்காரர்கள் நினைத்தால் ரத்து செய்ய வைக்கவும் முடியாது. புகார் வந்தால் மாவட்ட விழிக்கண் குழு நோட்டீஸ் கொடுத்து, ஆவணம் பார்த்து, அவள் தரப்பைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எதையெல்லாம் பார்த்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் கொடுத்த பதிவேடு, தொடர்ந்து ஆலயத்துக்குப் போனது, இவற்றை வைத்து, வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்ல முடியாது என்று மறுத்துவிட்டது. ஆகவே சபைப் பதிவேட்டில் மகளின் பெயர் 'உறுப்பினர்' என்று தவறுதலாக ஏறியிருக்கிறதா என்று பாஸ்டரிடம் கேளுங்கள். பள்ளிப் பதிவிலும் டி.சி.யிலும் மதம் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று கல்லூரி விண்ணப்பத்துக்கு முன்னாலேயே பாருங்கள். நாளைக்கு அவள் தன் விருப்பப்படி ஞானஸ்நானம் எடுத்தால் அது அவள் உரிமை. அன்றிலிருந்து எஸ்.சி. சான்றைக் கைவிட்டு, ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவரானவர் என்ற பி.சி. சான்று வாங்க வேண்டும். எஸ்.சி. இடஒதுக்கீடான 18 சதவீதத்திலிருந்து பி.சி.யின் 26.5 சதவீத வரிசைக்குப் போவாள், போட்டி அங்கே கூடுதல். மறைத்து வேலைக்குப் போய்ப் பத்து வருடம் கழித்துப் பிடிபட்டால் வேலையே போகும்.

உங்களுக்கு அந்த முடிவு இப்போதே பொருந்தும். எஸ்.சி. மக்களுக்கான தாட்கோ கடனுக்கோ, ஊராட்சியில் எஸ்.சி. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டுக்கோ உங்கள் பழைய சான்றைப் பயன்படுத்தாதீர்கள். இ-சேவை மையத்தில் பி.சி. சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் மனுவில் ஷெட்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள். மகளின் சான்றிதழ் பற்றி ஒரு வரிகூட அதில் வரக் கூடாது. அது வேறு அலுவலகம், வேறு கோப்பு, இதுவரை யாரும் திறக்காத கோப்பு.